மெட்டி படம்

எங்கள் ஊரில் ஒரே சினிமாவுக்கு இரண்டு கதைகள் உண்டு. தெலுங்கு பேசுகிற தெருவில் விசாரித்தால், புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன ஒரு பெண், கடைசியில் புத்தி வந்து, திரும்பி வந்து அவன் காலில் விழுகிற கதை என்பார்கள். தமிழ் பேசுகிற தெருவில் விசாரித்தால், பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்ட ஒரு புருஷனின் கதை, அதில் ஒரு மெட்டி தொலைந்து கிடைக்கும் என்பார்கள். அந்தத் தெருவில் அதற்குப் பெயரே மெட்டி படம்தான். இரண்டு தெருக்காரர்களும் வருஷா வருஷம் மாரியம்மன் கோயில் திடலில் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே திரையில் பார்த்த ஒரே தெலுங்குப் படம் அது. இந்தக் குளறுபடி முழுவதற்கும் பொறுப்பு என் மாமனார்.

ஊர் மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில். நான் பிறந்தது இண்டூரில், பிழைப்பு கணக்கு டீச்சர். எங்கள் சனத்தில் சில வீடுகளில் தெலுங்கு, சில வீடுகளில் தமிழ். பெண் கொடுக்க, எடுக்க அது தடையில்லை. அப்படித்தான் ஒரு வார்த்தை தெலுங்கு தெரியாமல் தெலுங்கு பேசுகிற வீட்டுக்கு நான் வாக்கப்பட்டேன். எனக்கு முன்பே அப்படி வந்தவர் என் மாமியார். ஏரியூர்க்காரர். வந்து எத்தனையோ காலமாகியும் அத்தை வாயில் ஒரு தெலுங்கு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. வீட்டில் எல்லோரும் அவரிடம் தமிழில் பேசுவார்கள், தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள்.

வந்த புதிதில் எனக்கு அத்தையைப் பார்த்தால் ஆறுதலாக இருந்தது. இந்த வீட்டில் என்னைப்போல் இன்னொரு ஜடம் இருக்கிறதே என்று. ஆனால் ஒரு விஷயம் மட்டும் இடித்தது. என் வீட்டுக்காரரும் அவர் தங்கையும் அத்தை பக்கத்தில் இருக்கும்போதே தெலுங்கில் ரகசியம் பேசுவார்கள். சாயங்காலம் மாரண்டஹள்ளி போய்ப் பரோட்டா சாப்பிட்டு வரலாம், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று. எனக்கு அப்புறம் தமிழில் சொல்வார்கள். அன்றைக்குப் பார்த்து அத்தை ராத்திரிச் சோறு வடிக்க மாட்டார். கேட்டால், "என்னமோ பசிக்காது போலத் தோணுச்சு" என்பார். எல்லாம் மாரியாத்தா அருள் என்று என் வீட்டுக்காரர் நம்பினார். எம்.எஸ்.சி. படித்தவர்.

இனி படத்துக்கு வருகிறேன். திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம் அந்தப் படத்தைப் போட்டே ஆக வேண்டும். ஒரு வருஷம் கமிட்டியில் யாரோ துணிந்து புதுப்படம் போட்டதாகவும், அந்த வருஷம் மழை தவறிப்போனதாகவும் ஊரில் பேச்சு. அதனால் அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை அம்மனுக்குச் செய்கிற சடங்கில் சேர்த்துவிட்டார்கள். தமிழ்த் தெருக்காரர்களுக்குப் புரிய வேண்டுமே? அதற்கு மைக் பிடித்துக் கதை சொல்கிறவர் என் மாமனார்.

மாமா ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். சந்தை நாளில் நிரம்பி வழிகிற பஸ்ஸின் பின் படிக்கட்டில் நின்று டிரைவர் காதில் விழும்படி பேசுகிற தொண்டை. மைக் தேவையே இல்லை, இருந்தும் மைக் வேண்டும் என்பார். படத்தில் கதாநாயகி மாட்டு வண்டியில் ஏறிப் பிறந்த வீட்டுக்குப் போவாள். மாமா, "போறாளுங்க. ஏரியூரு வண்டி. உக்கார எடமில்ல, நின்னுக்கிட்டே போறா" என்பார். வண்டியில் அவள் ஒருத்திதான் இருப்பாள். வில்லனைத் தக்காளி மண்டிக்காரன் ஆக்கிவிட்டார். பாட்டு வந்தால் மைக்கைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பாட்டுக்கு விளக்கம் கிடையாது.

கடைசிக் காட்சியில் அந்தப் பெண் திரும்பி வந்து வாசலில் நிற்கிற புருஷன் முன்னால் குனிவாள். மாமா குரலை இறக்கி, "மெட்டி வுழுந்துருச்சு, தேடறா" என்பார். திடலே மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கும். முதல் வருஷம் நானும் அழுதேன். பாவம், வெள்ளி மெட்டி, மண்ணில் விழுந்தால் எப்படிக் கிடைக்கும் என்று உண்மையாகவே கவலைப்பட்டேன். படம் முடிந்ததும் தமிழ்த் தெருப் புருஷன்மார்கள் திடல் ஓரத்து வெள்ளிக் கடையில் பெண்டாட்டிக்கு மெட்டி வாங்கித் தர வேண்டும். அது எங்கள் ஊர் வழக்கம். வாங்கித் தராதவனுக்கு அடுத்த திருவிழா வரை வீட்டில் ரசம் மட்டும்தான்.

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் எனக்குத் தெலுங்கு பிடிபட்டுவிட்டது. அந்த வருஷம் இடம் கிடைக்காமல் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதாகிவிட்டது. அப்போதுதான் படத்தின் நிஜப் பேச்சு காதில் விழுந்தது. அந்தப் பெண், "தப்பு என்னுடையது, மன்னித்துக் காலடியில் இடம் கொடுங்கள்" என்று தெலுங்கில் கதறுகிறாள். அதே நேரம் மைக்கில் மாமா, "ஏங்க, என் மெட்டி வுழுந்துருச்சு, பாத்துக் கால வையுங்க" என்கிறார். புருஷன்காரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எழுந்திரு, பெண் என்றால் அடங்கி இருக்க வேண்டும்" என்கிறான். மைக்கில், "தப்பு என்னுதும்மா. நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்று வருகிறது.

பொய்யைக்கூட விட்டுவிடலாம். கணக்கு டீச்சருக்கு விடை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாக வேண்டும். அந்தப் புருஷன் படம் முழுக்க ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. சிரிக்காத மனுஷன் சிரித்ததற்கு எதற்கு மன்னிப்புக் கேட்கிறான்?

மறுநாள் காலையில் தக்காளித் தோட்டத்தில் குச்சி நட்டுக்கொண்டிருந்த மாமாவிடம் போய் நேராகக் கேட்டேன். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினதைப் பார்த்தவர்போல நிமிர்ந்தார்.

"உனக்குத் தெலுங்கு வந்துருச்சா கண்ணு?"

"வந்துருச்சுங்க மாமா."

"இவ்வளவு சீக்கிரமாவா?" என்று வருத்தப்பட்டார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து சொன்னார்.

கல்யாணமான புதிது. சாப்பாட்டு நேரம். அத்தை தட்டில் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார். மாமாவின் அம்மா தெலுங்கில், இவள் அப்பன் வீட்டில் பஞ்சம் போலிருக்கிறது, தட்டை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாள் என்றார். மாமா சிரித்துவிட்டார். அத்தை அப்படியே கையைக் கழுவினார். மறுநாள் முதல் பஸ்ஸில் ஏரியூர் போய்விட்டார்.

"அவளுக்குப் பாஷ தெரியாது கண்ணு. எங்கம்மா என்ன சொல்லுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஆனா நான் சிரிச்சது தெரிஞ்சுபோச்சு. அதுதான் அவளுக்குப் பொறுக்கல."

மாமா பல தடவை ஏரியூர் போயிருக்கிறார். மாமனார் வீட்டில் உட்காருவார், மோர் குடிப்பார், மழை பற்றிப் பேசுவார், எழுந்து வந்துவிடுவார். ஊரே கேட்கக் கத்துகிற மனுஷனுக்கு ஒருத்தி முன்னால் ஒரு வார்த்தை வரவில்லை. அந்த வருஷத் திருவிழாவுக்கு அத்தை தன் அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். அக்கா வாக்கப்பட்டிருந்தது எங்கள் ஊர் தமிழ்த் தெருவில். விருந்தாளிகள் நிறைய வந்திருக்கிறார்கள், கதை சொல்லு என்று ஊர்க்கவுண்டர் மாமா கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்.

"கடைசி சீன்ல அவ வுழறாளா? எனக்கு எதுத்தாப்புல உங்க அத்தை உக்காந்திருக்கா. இவ வந்து கால்ல வுழறான்னு அவகிட்ட எப்பிடிச் சொல்றது? மெட்டின்னு வாயில வந்துருச்சு. அப்பறம் மத்ததெல்லாம் தானா வந்துருச்சு. படம் முடிஞ்சு பாத்தா, கையில பையோட நிக்கறா. வூட்டுக்குப் போலாமான்னு கேட்டேன். வந்துட்டா. வர்ற வழியில ஒண்ணே ஒண்ணு கேட்டா, அந்தப் பொண்ணுக்கு மெட்டி கெடச்சுதான்னு. கெடச்சுதுன்னேன். மறுநா ஒரு ஜோடி வாங்கிக் குடுத்தேன்."

"அதுக்காக வருஷா வருஷமா மாமா?"

"ஒருக்காச் சொல்லிட்டு மாத்த முடியுமா? டிக்கெட் கிழிச்சாச்சு" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம் கண்ணு. அந்தப் படத்த நம்பி வந்தவ."

நான் சிரித்துக்கொண்டே அடுத்த குச்சியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தெலுங்குத் தெருக்காரர்கள் ஏன் இத்தனை நாள் காட்டிக்கொடுக்கவில்லை என்று அப்புறம் விசாரித்துப் பார்த்தேன். தமிழ் விளக்கம் தமிழ்த் தெருவுக்கு என்று ஆண்கள் அதைக் காதில் வாங்கியதே இல்லை. பெண்கள் வாங்கியிருக்கிறார்கள். "எங்க படத்த விட உங்க மாமா படம் நல்லாருக்குது. நாங்க எதுக்கு வாயத் தொறக்கறோம்?" என்றார் ஒரு அம்மாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

இந்த வருஷம்தான் எல்லாம் சேர்ந்து வந்தது. திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு மாமாவுக்குத் தொண்டையில் சின்ன ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஒரு மாசம் வாயே திறக்கக் கூடாது என்று தர்மபுரி டாக்டர் சொல்லிவிட்டார். மாமா பெட்டியைக் குடைந்து பழைய கண்டக்டர் விசிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு விசில் என்றால் நிறுத்து, வேண்டாம். இரண்டு விசில் என்றால் ரைட், போகலாம். சாம்பார் ஊற்றினால் ஒரு விசில், ரசத்துக்கு இரண்டு. பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தகராறு பற்றிப் பேச வந்தால் உட்காருவதற்கு முன்பே ஒரு விசில். அத்தை, "அம்பது பேரு வண்டில போறாப்புல இருக்குது இந்த வூடு" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

கமிட்டிப் பையன்கள் வந்தார்கள். "மாமா, நீங்க கவலப்படாதீங்க. இந்தத் தடவ புது காப்பி கெடச்சிருக்குது. கீழ தமிழ்ல எழுத்து ஓடும். விளக்கமே தேவையில்ல" என்றார்கள். மாமா முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒரு விசில். இன்னொரு தடவை, நீளமாக ஒரு விசில். பையன்கள் சந்தோஷத்தில் ஊதுகிறார் என்று நினைத்துக் கை தட்டிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு மாமா சரியாகச் சாப்பிடவில்லை. அத்தையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், கூரையைப் பார்ப்பார். அத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், பஸ் போர்டு முதல் பருப்புப் பொட்டலம் வரை விடமாட்டார். அந்தப் படத்தில் புருஷன் மன்னிப்பே கேட்கவில்லை என்று இந்த வயதில் திடலில் வைத்து ஊரோடு தெரிந்துகொள்வார். இத்தனை வருஷமும் ஒரு பொய்யை நம்பிக் குடும்பம் நடத்தியதாக நினைப்பார். மாமாவுக்கு அதுதான் பயம். எனக்கும் அதேதான். அத்தை ரோஷக்காரர். ஏரியூர் பஸ் இப்போது அடிக்கடி ஓடுகிறது.

திருவிழாக் கடைசி நாள் மத்தியானம் மாமாவைக் காணவில்லை. தேடிப் போனால் திடலில் ஏணி மேல் நின்றுகொண்டிருக்கிறார். திரையின் அடிப்பக்கம் நெடுக, இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை, ஒரு முழ உயரத்துக்கு அடர்த்தியாக வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார். எழுத்து எங்கே ஓடுமோ சரியாக அங்கே. பையன்கள் ஓடி வந்து, "என்னா மாமா இது, எழுத்து மறைக்குதே" என்றார்கள். மாமா வாயைப் பொத்திக்கொண்டு கோயிலைக் காட்டிக் கும்பிட்டார். அம்மனுக்குக் கட்டின வேப்பிலையைத் திருவிழா முடிகிற வரைக்கும் எங்கள் ஊரில் யாரும் அவிழ்க்க மாட்டார்கள். திரையை மேலே தூக்கலாம் என்றால் கம்பம் பத்தவில்லை. பையன்கள் தலையைச் சொறிந்துவிட்டு, "அப்ப நீங்களே விளக்கம் சொல்லிருங்க டீச்சர்" என்று மைக்கை என்னிடம் நீட்டினார்கள். மாமா ஏணி மேலிருந்து இரண்டு விசில் கொடுத்தார்.

பொய் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான். அன்றைக்குச் சாயங்காலம் பொய் சொல்வதற்கென்றே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போயிற்று. மாமா அளவுக்கு என்னால் முடியாது, ஆனாலும் ஏரியூர் வண்டி, தக்காளி மண்டிக்காரன் எல்லாவற்றையும் விடாமல் சொன்னேன். மாமா சவுண்ட் பெட்டி மேல் உட்கார்ந்து ஒவ்வொரு சீனுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அத்தை பெண்கள் பக்கம் முன் வரிசையில். பாட்டு வந்தபோது மாமா எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்தார். அதுவரை கம்பத்தின் அடியைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு ராத்திரி வெட்டுவதற்காக நேர்ந்துவிட்ட கிடா ஒன்றை யாரோ திரைக் கம்பத்தில் கட்டிவைத்திருந்தார்கள். வேப்பிலை என்றால் ஆட்டுக்குக் கறிவிருந்து. அது முன்னங்கால்களைக் கம்பத்தில் ஊன்றி நின்று, நிதானமாக, ஓரத்திலிருந்து தோரணத்தை இழுத்து மென்றுகொண்டிருந்தது. கடைசிக் காட்சி வந்தபோது கட்டு அறுந்து தோரணம் மொத்தமும் பொத்தென்று கீழே விழுந்தது. விரட்டவும் முடியாது, அது அம்மனுக்கு நேர்ந்த கிடா.

அந்தப் பெண் வாசலுக்கு வந்தாள். குனிந்தாள். கீழே வெள்ளை எழுத்தில் பளிச்சென்று வந்தது: தவறு என்னுடையது. என்னை மன்னித்துவிடுங்கள்.

நான், "மெட்டி..." என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை.

தமிழ்த் தெருவிலிருந்து ஒரு அம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தார். "மன்னிச்சுருங்கன்னு இவளா கேக்கறா? மெட்டின்னாங்களே?" இன்னொருத்தர், "அப்ப மெட்டி வுழவே இல்லியா?" என்றார். வெள்ளிக் கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். மாமா விசிலை வாய் வரை கொண்டுபோனார். ஊதவில்லை. ஊதி என்ன, படத்தை நிறுத்தவா முடியும்? அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அத்தை எழுந்தார். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு நேராக என்னிடம் வந்து மைக்கை வாங்கினார்.

"எழுத்துல தப்பாப் போட்டிருக்கறாங்க" என்றார். திடல் அடங்கிவிட்டது. "படத்துல பேசறது எனக்குப் புரியும், நான் சொல்றன். அவ மெட்டியத் தேடறா. தப்பு அந்தாளுது. அவன் ஆத்தா இவ திங்கற சோத்தப் பேசுனா, இவன் சிரிச்சான். அப்பறம் மன்னிப்புக் கேட்டான். தனியாக் கேக்கத் துப்பில்ல, ஊருக்கே கேக்கறாப்புல மைக்குலதான் கேட்டான். வருஷா வருஷம் கேட்டான். போதும், மெட்டி கெடச்சுருச்சு. எல்லாரும் வூட்டுக்குப் போங்க."

தெலுங்குத் தெருப் பெண்கள்தான் முதலில் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பரோட்டாக் கணக்கு முழுவதும் அவர் மனசில் ஓடியிருக்க வேண்டும். வெள்ளிக் கடைக்காரர் உட்கார்ந்துகொண்டார்.

மைக்கை வாங்கி அணைத்துவிட்டு, "எப்ப இருந்து அத்தை தெலுங்கு தெரியும்?" என்றேன்.

"எங்கக்கா இந்த ஊர்லதான இருந்தா. கல்யாணத்துக்கு முன்னாடியே லீவுக்கு வந்து வந்து கத்துக்கிட்டேன்."

"ஏன் சொல்லவேயில்ல?"

"தெரியும்னு சொன்னா என் முன்னால எவ வாயத் தொறப்பா?"

அப்படியானால் அந்த முதல் வருஷமே படத்தின் நிஜக் கதை அத்தைக்குப் புரிந்திருக்கிறது. அதைக் கேட்டேன்.

"புரியாம என்ன? படத்துல இருக்கறத அவரு சொல்லியிருந்தா எங்கப்பன் வூட்டுக்கே போயிருப்பேன். இல்லாதத, இத்தனை பேரு முன்னால, அவராச் சொன்னாரு பாரு. அதுக்குத்தான் வந்தேன்."

மாமா இன்னும் சவுண்ட் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. எழுந்திருக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அவர் எதிரில் போய் நின்றார். அன்றைக்கு மாமா இதே திடலில் வூட்டுக்குப் போலாமா என்று தமிழில் கேட்டதை, இன்றைக்கு அத்தை தெலுங்கில் சொன்னார்.

"இண்டிக்கி போதாம் ரண்டி."

மாமா விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினார்.